கயிற்றுக்கு இரண்டு முனை

அண்ணா, வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்பில் பலாவுக்குக் கிளை கழிக்கிறேன். பாதி மரம் ஏறியதும் கயிற்றைக் கழற்றி அடுத்த கவைக்கு மேல் எறிகிறேன். அது மேலேயே தொங்குகிறது, கைக்கு இறங்குவதில்லை. அதுவரை ஒரு கையால் கிளையைப் பிடித்துச் சமாளிக்கிறேன். வேறு கம்பெனிக் கயிறு வாங்கலாமா?

அன்புள்ள தம்பி,

கம்பெனியை விடுங்கள். மரம் ஏறுவதற்கென்றே பின்னிய 12 அல்லது 13 மி.மீ. கயிறு, 40 அடி மரத்துக்கு 100 அடியாவது இருந்தால் போதும். லாரியில் கட்டும் பிளாஸ்டிக் கயிறு ஆகாது, முடிச்சு உரசும் சூட்டிலேயே இளகிவிடும்.

இறங்காததற்குக் காரணம் நுனியில் கனமில்லாதது. நுனியை நாலைந்து வளையமாகச் சேர்த்து, அதே கயிற்றால் நடுவில் நாலு சுற்று இறுக்கி, கயிற்றின் ஒரு மடிப்பை வளையங்களின் மேல் கண்ணில் நுழைத்தால் எறியத் தோதான குண்டு கிடைக்கும். மற்ற கையில் கொஞ்சம் கயிற்றைத் தளர்வாக வைத்துக்கொண்டு கையைக் கீழிருந்து வீசுங்கள். கவையைத் தாண்டியதும் அலை அலையாக உதறிக் கொடுத்தால் வரும். பலாவில் காய்ந்த காய்க்காம்பு மாட்டும், பார்த்து எறியுங்கள்.

அது கிடக்கட்டும். 'ஒரு கையால் கிளையைப் பிடித்துச் சமாளிக்கிறேன்' என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! மழைக்கு முன் ஊரெல்லாம் கிளை கழிக்கும் இந்த நாட்களில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் இதேதான். பெல்ட் மாட்டியவர்கள்கூடக் கயிறு மாற்றும் நேரத்தில் வெறும் ஆளாக நிற்கிறார்கள். இது சமாளிப்பு இல்லை தம்பி, முட்டாள்தனம். உங்களை எதிர்பார்த்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

ஏன் கழற்றுகிறீர்கள்? கயிற்றுக்கு இரண்டு முனை உண்டே! ஒரு முனை உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கட்டும், கீழே சும்மா தொங்கும் மறுமுனையை இழுத்து அதை எறியுங்கள். அதற்கும் முன்னால் பெல்ட்டோடு இருக்கும் குட்டையான இடுப்புக் கயிற்றை அடிமரத்தைச் சுற்றி மாட்டி, முழு எடையையும் அதில் சாய்த்துவிடுங்கள். சும்மா மாட்டி வைத்தால் பிடிமானம் ஆகாது. மறுமுனை இறங்கியதும் பெல்ட்டில் கட்டி, கவையின் மறுபக்கம் இறங்குகிற கயிற்றில் பிடிமுடிச்சை, அதாவது எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சைப் போட்டு, ஒவ்வொரு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய பிடி இருக்கும்போதே புதியதில் தொங்கி, இரண்டு முறை அமுக்கிப் பாருங்கள். 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று அடி வாங்கிய மரங்கள் இவை. வெளியே நன்றாகத் தெரியும் கவையில் உள்ளே விரிசல் இருக்கலாம். சத்தமோ அசைவோ வந்தால் அந்தக் கவையே வேண்டாம். தாங்கினால் மட்டும் பழைய முனையைக் கழற்றுங்கள், இடுப்புக் கயிற்றைக் கடைசியில்.

இன்னொன்று. பலாப்பாலுக்காகக் கத்தியில் தடவும் எண்ணெய் கயிற்றில் படவே கூடாது, பிடிமுடிச்சு வழுக்கும். கழற்றிய பழைய முனைதான் இப்போது கீழே தொங்கும் வால். அதை விடுவதற்கு முன் நுனியில் ஒரு குண்டு முடிச்சுப் போடுங்கள். கயிறு தரை வரை எட்டாமல் போனால், பிடிமுடிச்சு நுனியைத் தாண்டி உருவிப் போகாமல் தடுப்பது அது ஒன்றுதான்.