பெர்லினில் டிஜேயாகப் பிழைக்க முடியுமா?

தம்பி, படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திருச்சியில் காலேஜ் நாட்களிலிருந்தே டெக்னோ மிக்ஸ் செய்கிறீர்கள். பிறர் ட்ராக்குகளை ஒன்றோடொன்று கோர்த்து ஒரு மிக்ஸ் ஆல்பம் வெளியிட்டு, அந்தப் பணத்தையும் கிளப்பில் செட் போட்டு, அதாவது சில மணி நேரம் தொடர்ந்து இசை போட்டு, வரும் பணத்தையும் வைத்து இங்கே காலம் தள்ளலாமா என்று கேட்கிறீர்கள். நான் வந்து 16 வருடம் ஆகிறது, அதில் 11 வருடம் வார இறுதிகளில் செட் போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மிக்ஸ் ஆல்பத்தை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

எங்கள் மாமா அம்பாசமுத்திரத்தில் மைக்செட் வைத்திருந்தார். கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி மூன்று நாள் பாட்டுப் போடுவார். சாமி புறப்படும்போது எது, நள்ளிரவில் கூட்டம் சோர்ந்து உட்காரும்போது எது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்து ஊர்க்காரர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது மைக்செட்டுக்கும் அந்த மூன்று நாள் உழைப்புக்கும் கூலி. பாட்டு வேறொருவர் சொத்து. பெர்லின் டிஜேயின் பிழைப்பும் இப்படித்தான் இருக்கிறது.

மிக்ஸ் ஆல்பத்தில் 17 ட்ராக் இருந்தால், 17-க்கும் அதனதன் லேபிளிடம், அதாவது அதை வெளியிட்ட இசை நிறுவனத்திடம், உரிமை வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முன்பணம், அப்புறம் விற்பனையில் பங்கு. மிக்ஸ் செய்தவருக்கு ஒரே தடவை ஒரு தொகையோ, சின்ன சதவீதமோ கிடைக்கும். சொந்த ட்ராக் ஒன்றிரண்டை உள்ளே வைத்தால் அதற்கான பங்கும் சேரும். சிடி விற்ற காலத்தில் இது நல்ல தொழிலாகவே இருந்தது. இங்கே பெர்லினில் ஸ்டுடியோ கே7 லேபிள் 1995-ல் 'டிஜே-கிக்ஸ்' வரிசையைத் தொடங்கியது. லண்டன் ஃபேப்ரிக் கிளப் 2001-லிருந்து சிடி போட்டது, சந்தா கட்டியவர்களுக்கு வீட்டுக்கே வரும். அந்த வரிசையை 2018-ல் 100-ஆவது எண்ணோடு முடித்துக்கொண்டார்கள்.

ஸ்பாட்டிஃபையில் ஒரு மிக்ஸ் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், துண்டு துண்டாக ட்ராக்குகள்தான் நிற்கும். கேட்பவர் தரும் காசு அந்தந்த ட்ராக்கின் உரிமையாளருக்குப் போகிறது. 2021-ல் ஆப்பிள் மியூசிக், பாட்டைக் கேட்டு அது எதுவென்று அடையாளம் காணும் ஷசாம் தொழில்நுட்பத்தை வைத்து நீளமான மிக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு ட்ராக்கையும் கண்டுபிடித்து உரியவர்களுக்குப் பணம் போக வழி செய்தது. ட்ராக்கை உருவாக்கியவனுக்குப் பணம் போவது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பங்கு போட இத்தனை பேர் இருக்கும்போது மிக்ஸ் செய்தவருக்கு என்ன மிஞ்சும் என்பதை மட்டும் யோசியுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2014-ல் ஒரு சின்ன லேபிளுக்காக ஒரு மிக்ஸ் செய்தேன். உரிமை வாங்கவே ஒன்பது மாதம் ஆனது. நான்கு லேபிள்கள் பதிலே போடவில்லை, அந்த இடங்களுக்கு வேறு ட்ராக் தேடி முழு மிக்ஸையும் இரண்டு முறை திருப்பிச் செய்தேன். கைக்கு வந்தது 500 யூரோ, அதோடு சரி. ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் லைப்சிக்கிலிருந்தும் போலந்தின் விரோட்ஸ்வாஃபிலிருந்தும் கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே அந்த மிக்ஸைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். ஒரு ராத்திரிக்கு 150 வாங்கிக்கொண்டிருந்தவன் 400 கேட்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான். மிக்ஸ் ஆல்பத்தால் எனக்கு வந்த லாபம் இதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்த 400-ஐயும் பிரித்துப் பாருங்கள். புக்கிங் ஏஜென்டுக்கு 15 சதவீதம், 60 போனது. வரிக்கும் காப்பீட்டுக்கும் 120 எடுத்து வைத்தேன். மிச்சம் 220. அதற்குச் சனிக்கிழமை மதியம் ரயிலேறி, விடிகாலை 3 மணிக்கு மேடையேறி, ஞாயிறு மதியம் வீடு திரும்ப வேண்டும். ரயிலும் ஹோட்டலும் ஏற்பாட்டாளர் செலவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பெர்லினுக்குள் டிஜேக்கள் குவிந்து கிடக்கிறார்கள், அதனால் சின்ன பார்களில் தருவது குறைவு. பேர் இங்கே சம்பாதித்து, பணத்தை வெளியூரில் சம்பாதிப்பவர்கள்தான் அதிகம். உலகப் புகழ்பெற்ற டிஜே கால்வின் ஹாரிஸ் ஒரு வருடத்தில் 6.6 கோடி டாலர் சம்பாதித்ததாக ஃபோர்ப்ஸ் 2014-ல் கணக்குப் போட்டது உண்மைதான். அது லாஸ் வேகாஸ் ஒப்பந்தங்களும் சொந்த ஹிட் பாடல்களும் சேர்ந்த உலகம், நம் கணக்குக்கு அதை எடுக்காதீர்கள்.

ஒரு ஊரில் செட் முடிந்த பிறகு, கூட்டம் வரவில்லை என்று பாதிப் பணம்தான் கையில் வைத்தார்கள். கோபத்தில் ரயிலில் தூக்கமே வரவில்லை. அன்றிலிருந்து பாதி முன்பணம் வராமல் டிக்கெட் போடுவதில்லை, மீதி கைக்கு வராமல் மேடையேறுவதில்லை.

சொந்தமாக ட்ராக் செய்கிறீர்களா? அப்படியானால் கேமா என்ற உரிமைச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். கிளப்புகள் அதற்குப் பணம் கட்டுகின்றன, அது போய்ச் சேர்வது இசையமைத்தவருக்கு. அடுத்தவர் ட்ராக்கைப் போடுகிறவருக்கு அதில் ஒன்றும் வராது.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், உங்கள் விசா. மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது சம்பளத்துக்குப் போகும் வேலைக்கு. கிளப்புக்கு நீங்களே பில் கொடுத்தால் அது சுயதொழில், அதற்குக் குடியேற்ற அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். விசாவோடு வரும் தாளில் சுயதொழிலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ரொக்கமாக வாங்கினால் யாருக்குத் தெரியும் என்று சொல்லும் நண்பர்கள் கிடைப்பார்கள். கேட்காதீர்கள். 100 யூரோவுக்காகப் படிப்பையும் விசாவையும் பணயம் வைக்காதீர்கள் தம்பி, உங்கள் அப்பா வாங்கிய கடனும் அதில் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி கிடைக்கும், அப்போது சுயதொழிலுக்கு இந்தத் தடை இருக்காது. பிறகு சுயதொழில் விசாவுக்குப் போவதென்றால் உங்களை அழைக்க விரும்பும் கிளப்புகளின் கடிதமும் வருமானக் கணக்கும் காப்பீடும் கேட்பார்கள். சுயதொழிலுக்கு வந்ததும் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியான கேஎஸ்காவில் சேரப் பாருங்கள். 1983-லிருந்து இருக்கும் ஏற்பாடு அது. மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் பாதிதான் நீங்கள் கட்டுவீர்கள். வருடத்துக்கு 3,900 யூரோவுக்கு மேல் கலையில் சம்பாதிக்க வேண்டும், முதல் மூன்று வருடம் அந்த வரம்பும் இல்லை. எனக்கு உடம்பு முடியாமல் போன வருடத்தில் அதுதான் கைகொடுத்தது.

மிக்ஸை எனக்கு அனுப்பி வையுங்கள், ட்ராக் பட்டியலையும் சேர்த்து. பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் ஒரு சின்ன பாரில் வியாழக்கிழமைகளில் புதியவர்களுக்கு இரண்டு மணி நேரம் தருகிறார்கள். உங்கள் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.