அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துச் சிலர் உள்ளுக்குள் சந்தோஷப்படுவது ஏன்? அது ஒரு மனநோயா?

'சிலர்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன். அதனால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

என் பெரியப்பா மகன் எனக்கு மூன்று மாதம் இளையவன். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, பாகம் பிரித்த தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில். அவன் மார்க்கைக் கேட்டுவிட்டுத்தான் என் மார்க்கையே வீட்டில் பார்ப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அவன் போர் போட்டான். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் 300 அடியில் தண்ணீர் என்று சொல்லியிருந்தார். ரிக் வண்டி ராத்திரி முழுக்க ஓடியது. 700 அடி தாண்டியும் வெறும் புகைதான். பாறை மாவு பறந்து வந்து என் வாழை இலைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"விடுடா, வேற பாயிண்ட் பார்த்துக்கலாம்" என்று தோளில் கை வைத்துச் சொன்னேன். மனசாரச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு எழும்போது, "என்னங்க, இன்னைக்கு ஏழு இட்லி?" என்றாள் மனைவி. வழக்கமாக நாலுதான்.

ஜெர்மன்காரர்கள் இதற்கு 'ஷாடன்ஃப்ராய்ட' என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். ஷாடன் என்றால் சேதம், ஃப்ராய்ட என்றால் மகிழ்ச்சி. நமக்கு 'வயிறு குளிர்ந்தது' இருக்கிறது. என் விஷயத்தில் அது உவமையே இல்லை.

2009-இல் ஜப்பானில் ஹிதேஹிகோ தகாஹாஷி குழுவினர் 19 பேரை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து மூளையைப் பார்த்தார்கள். கதை மாதிரி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். நம்மைவிடக் கெட்டிக்காரன் ஒருவன். நாம் போகும் பாதையிலேயே போகிறவன். அவனைப் பற்றிப் படித்தபோது பொறாமை அதிகம், மூளையில் வலியோடு தொடர்புள்ள ஒரு பகுதியும் வேலை செய்தது. வேறு துறையில் கெட்டிக்காரனாக இருப்பவன் மேல் அவ்வளவு பொறாமை இல்லை. அப்புறம் அந்த முதல் ஆளுக்குக் கெட்டது நடக்கிறது. பரிசு கிடைத்தால் துள்ளும் பகுதி இப்போது துள்ளுகிறது. முன்பு யாருக்கு வலிப்பகுதி அதிகம் வேலை செய்ததோ, அவருக்குத் துள்ளலும் அதிகம்.

எனக்கு இது சரியாகப் பொருந்துகிறது. எங்கோ ஒரு கோடீஸ்வரர் திவாலானால் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். பக்கத்துத் தோட்டத்து போர் அப்படி இல்லையே.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமெரிக்காவில் ரெட் சாக்ஸ், யாங்கீஸ் பேஸ்பால் ரசிகர்களை வைத்து 2011-இல் வந்த ஆய்விலும் இதே கதைதான்: எதிரணி மூன்றாவது அணி ஒன்றிடம் சொதப்பினாலும் இவர்களுக்குக் கொண்டாட்டம்.

நோயா என்றால், இல்லை. தானாக வருகிற உணர்ச்சி அது. அடுத்தவன் விழ வேண்டும் என்று குழி தோண்டுகிறவனை இதில் சேர்க்காதீர்கள், அது வேறு கணக்கு. ஆனால் தன்மேலேயே மதிப்புக் குறைந்திருக்கும் நேரத்தில் இது கூடுதலாக வரும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வருடம் என் மோட்டார் அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் எடுக்கவில்லை. சொசைட்டிக் கடன் வேறு.

அடுத்த மாதம் அவன் வேறு பாயிண்டில் போட்டான். 420 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் அடித்தது. பெரியம்மா சர்க்கரை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி எத்தனை இட்லி என்று மட்டும் கேட்காதீர்கள்.