மருந்துக்கடைக்குப் போகும் முன்: மயில், மஹ்சீர், பாறுக் கழுகு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காட்டை ஒட்டி நிலமும் மாடும் வைத்திருப்பவர்கள் எழுதியவை. சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: விதைத்த மக்காச்சோளத்தை மயில் கிளறித் தின்கிறது. குருணை மருந்தை அரிசியில் பிசைந்து வரப்பில் வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். எந்த கம்பெனி குருணை நல்லது?
- தாளவாடி வாசகர்

பதில்: எந்த கம்பெனியும் வேண்டாம். கார்போஃப்யூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை ஒன்றே ஒன்று போதும், ஒரு சிட்டுக்குருவி செத்துவிடும். 2023இல் வந்த மத்திய அரசு ஆணைப்படி உறையிட்ட 3 சதவீதக் குருணை தவிர மற்ற எல்லா வடிவமும் தடை. அந்தக் குருணையும் லேபிளில் உள்ள பயிருக்கு மண்ணில் இடத்தான், தீனியில் கலக்க அல்ல. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை சிறை. யோசனை சொன்ன கடைக்காரர் உங்களோடு வந்து உள்ளே உட்கார மாட்டார்.

விதைத்த முதல் இரண்டு வாரம்தான் மயிலுக்கு வேட்டை. அந்த நாட்களுக்கு மட்டும் மின்னும் ரிப்பனைக் காற்றில் அதிரும்படி முறுக்கிக் கட்டுங்கள். விதையைச் சரியான ஆழத்தில் போட்டு மண்ணை அணைத்து விடுங்கள். முளை நாலு இலை விட்டதும் ரிப்பனைக் கழற்றிவிடலாம். மாதக்கணக்கில் தொங்கினால் மயிலுக்குப் பழகிவிடும்.

கேள்வி: பசுவுக்கு மடிவீக்கம். மெடிக்கலில் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கி நாங்களே போட்டோம். விலை குறைவு, மாடும் தேறிவிட்டது. இதில் என்ன தப்பு?
- மசினகுடி வாசகர்

பதில்: மாடு தேறியது சரி. தேறாமல் செத்து, அதை மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பிணந்தின்னிப் பாறுக் கழுகுகள் தின்றிருந்தால்? வலி, வீக்கத்துக்கான டைக்ளோஃபெனாக் பாறுவின் சிறுநீரகத்தை முடக்கும். யூரிக் அமிலம் குடல், ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிய, சில நாளில் பறவை விழுந்துவிடும். ஒரே பிணத்தை ஒரு கூட்டமே தின்னும் என்பதால் ஒரு மாடு பல பறவைகளுக்கு எமன். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும், இழந்ததை ஈடுகட்ட வழியில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது இப்படித்தான். காரணம் 2004இல் வெளியானது, 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடையானது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015இல் குப்பியை 3 மில்லிக்குள் அடக்கினார்கள். நீங்கள் நாலைந்து குப்பி உடைத்திருப்பீர்கள். இல்லையா?

இனி வலி மருந்துச் சீட்டில் வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறும். அதுவும் கீட்டோப்ரொஃபெனும் 2023இல் கால்நடைக்குத் தடையாயின. நிமெசுலைட் 2024 டிசம்பர் இறுதியில் சேர்ந்தது. ஃப்ளுநிக்சினும் பாறுக்கு ஆகாது. மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபினாமிக் அமிலம் எழுதித் தரும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். "மெலாக்சிகாம் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் அளவைக் குறைத்துப் போட்டவர்கள். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால் 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 30 மில்லி. மருத்துவர் சொன்னதில் பாதியைப் போட்டுவிட்டு மருந்தைத் திட்டக் கூடாது.

கேள்வி: பச்சை முக்கோணம் போட்ட பூச்சிமருந்துதான் வாங்குகிறேன். ஆற்றோர வயலுக்கு அது பாதுகாப்புத்தானே?
- பவானிசாகர் வாசகர்

பதில்: இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் இந்த முக்கோணக் கதை ஓய மாட்டேன் என்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நிறங்கள் எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு கொடுத்தால் சாகும் என்ற கணக்கில் வந்தவை. கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. அதாவது, தெளிக்கும் ஆளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு குறிப்பு. மீன், தேனீ, பறவை எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. குளோரான்ட்ரனிலிப்ரோல் பச்சை முக்கோணம்தான், ஆனால் நீர்ப்பூச்சி, இறால் வகைகளுக்குக் கொடிய விஷம். அவை போனால் மீன்குஞ்சு எதைத் தின்னும்? மோயாற்றில் இருக்கும் திமில் மஹ்சீர் மீன் காவிரிப் படுகை தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2018இல் அது அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. "பச்சை சார், குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று விற்கிறவரிடம் ஒரு மூடி ஊற்றிக் கொடுங்கள்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் படியுங்கள். மீன், தேனீ பற்றிய எச்சரிக்கை அங்கேதான் இருக்கும். உங்கள் பயிரின் பெயர் அதில் இல்லையென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கரையிலிருந்து 10 மீட்டராவது அடிக்காமல் விடுங்கள். காற்று ஆற்றுப் பக்கம் வீசினால் அன்றைக்கு அடிக்க வேண்டாம்.

கேள்வி: முட்டைக்கோசுக்கு "இயற்கை டானிக்" 5 லிட்டர் வாங்கினேன். மறுநாளே புழு கொத்தாகச் செத்தது, ஓடையில் தவளைகளும் மிதந்தன. கேனில் என்ன மருந்து என்றே போடவில்லை. பில்லும் தரவில்லை.
- கோத்தகிரி வாசகர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தப்பு உங்களுடையதல்ல. டானிக் ஒரே இரவில் புழுவைக் கொல்லாது, உள்ளே ரசாயனம் கலந்திருக்கும். புழுவைக் கொல்லும் எதுவும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பயிர் ஊக்கி என்றால் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வரும். இரண்டும் இல்லாத கேன் சட்டவிரோதச் சரக்கு.

மீதியைக் கொட்டிவிடாதீர்கள், இறுக மூடி வையுங்கள். கேனை நாலு பக்கமும், செத்த தவளைகளைத் தேதியோடும் படம் எடுங்கள். பணம் போனில் அனுப்பியிருந்தால் அந்த ரசீதே சாட்சி. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பூச்சிக்கொல்லி ஆய்வாளர் கடையில் உள்ள உடைக்காத கேனிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கேன் திறந்தது, "நீயே கலந்தாய்" என்பார்கள். விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

கேள்வி: எலி கேக் வைத்தோம். எலியோடு இரண்டு கூகையும் செத்துக் கிடந்தன. வேறு கேக் மாற்றலாமா?
- கோபி வாசகர்

பதில்: கேக்கை மாற்றிப் பயனில்லை, வைக்கும் முறையை மாற்றுங்கள். கேக்கில் இருக்கும் புரோமடையலோன் விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். கூகைக்கு அதுதான் சுலபமான இரை, விஷம் அதன் ஈரலில் தங்கிவிடும். எல்லா வளையையும் மாலையில் மண்ணால் மூடுங்கள். மறுநாள் திறந்திருப்பவற்றுக்குள் மட்டும் 15 கிராம் வைத்து மூடுங்கள். அடுத்த 10 நாள் செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அதைவிட, தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியும், ஆந்தை வந்து உட்கார ஏக்கருக்கு 15-20 குச்சியும் மலிவு. கதிர் முற்றும்போது குச்சியைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவை வந்து உட்காரும். சத்தத்தால் எலி ஓட்டும் பிளக் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். என் மேசை இழுப்பறையில் ஒன்று கிடக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

கேள்வி: காலிப் பூச்சிமருந்து பாட்டிலை வாய்க்காலில் அலசினால் என்ன? கொஞ்சம்தானே ஒட்டியிருக்கும்?
- சத்தியமங்கலம் வாசகர்

பதில்: 25 சதவீத சைபர்மெத்ரின் 10 மில்லியில் 2.5 கிராம் விஷம். லிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே மீன் சாகும் என்பதால், கணக்குப்படி அது 10 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும். பாட்டிலில் கால்வாசி தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள், மூன்று தடவை. பிறகு ஓட்டை போட்டுவிடுங்கள்.

கேள்வி: தேதி முடிந்த மருந்து பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- புளியம்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம். அதை விற்பதே குற்றம். தேதி தெரிய ஒரு படம் எடுத்துப் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு அனுப்புங்கள்.