இந்தியா ஆர்ட் ஃபேர்: முதன்முறை செல்வோரின் கேள்விகளும் பதில்களும்

படம் வாங்கும் வசதி எனக்கில்லை. டெல்லி கலைச்சந்தைக்கு என்னைப் போன்றவர்கள் போகலாமா? – கோவை வாசகர்

தாராளமாகப் போகலாம். 2008இல் பிரகதி மைதானத்தில் 'இந்தியா ஆர்ட் சம்மிட்' என்று தொடங்கி, 2012இல் இன்றைய பெயருடன் ஓக்லாவிலுள்ள என்.எஸ்.ஐ.சி. மைதானத்துக்கு மாறிய இது, பெயருக்கேற்றபடி சந்தைதான். வாடகை கொடுத்து அரங்கு எடுக்கும் கேலரிகள், விற்கக்கூடியதைத்தான் மாட்டிவைக்கும். ஆகவே, அருங்காட்சியகத்தில் இருப்பதுபோன்ற கால வரிசையை இங்கே தேடக் கூடாது. ஆனால், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் இருந்த ஓவியம் சில நாட்கள் மட்டும் இங்கே வெளியில் வந்து, பிறகு இன்னொருவர் வீட்டுக்குள் போய்விடும். அந்த இடைவெளியில் அதைப் பார்ப்பதற்காகவே நான் போகிறேன்.

எந்த நாள் வசதி? – திருச்சி வாசகர்

பெரும்பாலும் பிப்ரவரி முதல் வாரத்தையொட்டி நடக்கும். சந்தையின் தொடக்கப் பகுதி அழைப்பு பெற்றவர்களுக்கானது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. பொதுமக்களுக்குத் திறந்த முதல் நாள் காலையில் போங்கள். மெஜந்தா தடத்தில் 'ஓக்லா என்.எஸ்.ஐ.சி.' மெட்ரோ நிலையம் அருகிலேயே இருக்கிறது.

நவீனக் கலை, சமகாலக் கலை என்று பிரிக்கிறார்களே, எதிலிருந்து தொடங்குவது? – மதுரை வாசகர்

நவீனத்திலிருந்து. 1947இல் பம்பாயில் உருவான முற்போக்கு ஓவியர் குழுவைச் சேர்ந்த சூசா, ரசா, உசேன் ஆகியோரின் படங்களை முதலில் பார்த்துவிட்டால், பின்னால் வந்தவர்கள் எதை ஏற்றார்கள், எதை உதறினார்கள் என்பது பிடிபடும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னை அருகே அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கலைஞர்களுடைய படைப்புகள் கண்ணில் பட்டால் கூடுதலாக நின்று பாருங்கள். பம்பாய்க் குழுவுக்குக் கிடைத்த விலையும் வெளிச்சமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

குறைந்த விலையில் ஓர் அச்சோவியம் வாங்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – சென்னை வாசகர்

அச்சோவியம் என்பது, ஓவியர் தகட்டிலோ கட்டையிலோ உருவாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சிடும் படம். அதன் கீழேயுள்ள வெற்று ஓரத்தைப் பாருங்கள். பென்சிலில் 7/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் இருபத்தைந்து பிரதிகளில் அது ஏழாவது என்று பொருள். கையொப்பம் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதாகச் சொன்னால், காகிதத்தைச் சற்றே பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: அச்சு இயந்திரம் அழுத்திய தகட்டின் விளிம்பு, படத்தைச் சுற்றி மெல்லிய பள்ளமாகத் தெரியும். சட்டம் போட்டு அந்த ஓரங்களை மறைத்திருந்தால், பிரித்துக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. விலை எழுதியிராவிட்டால் தயங்காமல் கேளுங்கள், ஜி.எஸ்.டி., படச்சட்டம், அனுப்பும் செலவு ஆகியவை அதில் அடக்கமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் முதலில் வாங்கிய படத்துக்கு இதைக் கேட்காமல் விட்டதால், ரசீதைப் பார்த்துத் திகைத்தேன். அருகில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுப்போனது. ஆயினும், அதே பதிப்பின் வேறு பிரதி மீதமிருக்கலாம்.

சிங்கப்பூரிலுள்ள என் அக்காவுக்கு ஜாமினி ராய் ஓவியம் ஒன்றை வாங்கி அனுப்ப முடியுமா? – தஞ்சை வாசகர்

வாங்கலாம்; அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்கீழ் ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது கலைஞர்களின் படைப்புகள் தேசியக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. ஜாமினி ராயும் அவர்களில் ஒருவர். அந்தப் படைப்புகளை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது; உள்நாட்டில் அவை கைமாறத் தடையில்லை. உங்கள் அக்கா ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டுச் சுவரில்தான் அதைப் பார்க்க முடியும்.