டேபிள் டென்னிஸில் பந்துக் கட்டுப்பாட்டையும் ஸ்பின்னையும் கோச் இல்லாமல் பழக முடியுமா? வயது 28, ஊர் தர்மபுரி பக்கம். என்ன பேட் வாங்கலாம்?

முடியும். பாதித் தூரம் தனியாகவே போகலாம். மீதிக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கோச்சாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எனக்கு முன்னால் பதில் எழுதியவர், "பெங்களூரிலோ சென்னையிலோ அகாடமியில் சேருங்கள், இல்லாவிட்டால் ஃபார்ம் கெட்டுப்போகும்" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கிருஷ்ணகிரி. எங்கள் ஊரிலிருந்தே பெங்களூரு 90 கிலோமீட்டர் இருக்கும், தர்மபுரி இன்னும் தெற்கே. வேலைக்குப் போகிற ஒருவர் சாயங்காலம் கிளம்பிப் போய், ஆடிவிட்டு எப்போது வீடு திரும்புவது? நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்று நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். 28 வயதில் இந்த ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு வேலைக்குப் போகாமல் டேபிள் டென்னிஸ் பற்றிக் கேட்டால் வீட்டில் வேறு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மாநில அளவில் ஆடியவள் இல்லை. ரேங்கிங் கிடையாது. ஓர் அரசு அலுவலகத்தில் வேலை, அலுவலர்களுக்கான மனமகிழ் மன்றத்தில் ஆடுகிறேன், அவ்வளவுதான். "நீ யார் சொல்வதற்கு" என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம், கோபமில்லை.

மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஹால், ஒரு டேபிள், ஓரமாக ஒரு கேரம் போர்டு, உள்ளறையில் சீட்டு. அங்கே உள்ள சட்டம், ஜெயித்தவர் நிற்பார், தோற்றவர் இறங்குவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவருக்கு இதன் பலன் என்ன தெரியுமா? ஐந்து நிமிடம் ஆட்டம், ஒரு மணி நேரம் பெஞ்ச். அதிலும் பெண் என்றால், "மேடம், நீங்க கேரம் ஆடலாமே" என்று அன்பாக வழிகாட்டுவார்கள். அதனால் ஆட்கள் சேர்வதற்கு முன்பே போய்விடுவேன். காலி ஹாலில், எதிரே ஆளில்லாமல் ஆடிய பழக்கம்தான் என்னிடம் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஸ்பின்னுக்கும் காரணம். நீங்கள் கேட்டதும் அதைத்தானே.

பேப்பர் படிக்க சீக்கிரமே வரும் ஓய்வுபெற்ற சார் ஒருவர் இருந்தார். நான் பந்தைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடிப்பதைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்தார். "ஏம்மா, அதை ஏன் அடிக்கிற? மாம்பழத்து மேல இருக்கிற தூசியைத் துடைக்கிற மாதிரி தொடு. தூசி போகணும், பழம் அடிபடக் கூடாது." கிருஷ்ணகிரிக்காரருக்கு வேறு எந்த உதாரணம் வரும்! ஆனால் ஸ்பின் என்பது அவ்வளவேதான். பேட் பந்தின் நடுவில் மோதினால் வேகம். பந்தின் தோலை மட்டும் உரசிக்கொண்டு போனால் சுழற்சி. மோதினால் 'டக்' என்று கேட்கும். உரசினால் சத்தமே அநேகமாக வராது. தனியாகப் பழகுபவருக்குக் காதுதான் கோச்.

முதலில் அவர் செய்யச் சொன்னது விளையாட்டு மாதிரியே இருக்காது. பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, பேட்டில் துள்ளாமல் வாங்க வேண்டும். பந்து இறங்கும் வேகத்திலேயே கையையும் இறக்கினால், முட்டையை வைத்தது போல் வந்து உட்காரும். கையை இறுக்கிப் பிடித்திருந்தால் துள்ளிவிடும். பந்து 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். இந்த எடைக்கு இறுக்கிப் பிடித்த கை ஆகவே ஆகாது. பிடி தளர்ந்தால்தான் மணிக்கட்டு வேலை செய்யும், மணிக்கட்டு வேலை செய்யாமல் ஸ்பின் வராது. மன்றத்துக்கு வரும் பாதிப் பேர் ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர் பிடிப்பது போலத்தான் பேட்டைப் பிடிக்கிறார்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது ஸ்கெட்ச் பேனா. பந்தின் நடுவில் சுற்றிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேட்டின் மேல் பந்தைத் தட்டியபடியே, ஒரு தடவை இடமிருந்து வலமாக, அடுத்த தடவை வலமிருந்து இடமாக அடியில் உரசிவிட வேண்டும். கோடு உரசும் திசையிலேயே இருக்கும்படி தொடங்குங்கள், சுழற்சி சுத்தமாக இருந்தால் அது ஒரே வளையமாகத் தெரியும். தப்பாகத் தொட்டால் தள்ளாடும், பந்து முழுக்க மை பூசினது போல் மங்கிப்போகும். இதை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். டியூப்லைட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தரை. மொசைக் தரை இருந்தால் உத்தமம். கொஞ்சம் குனிந்து, பந்தின் அடிப்பாகத்தை முன்னோக்கிச் சீவி எறிய வேண்டும். பந்து முன்னால் போய் விழுந்து, தயங்கி, உங்களிடமே உருண்டு வர வேண்டும். அதுதான் பேக் ஸ்பின், எங்கள் பக்கம் 'கட்' என்போம். தரையில் நன்றாக வந்த பிறகு டேபிளுக்குப் போங்கள். சர்வீஸ் போட்ட பந்து எதிர்ப்பக்கம் விழுந்து, பின்னோக்கி நெட்டை நோக்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். வேகத்தைக் குறைத்து, உயரத்தைக் குறைத்து, உரசலை மட்டும் கூட்ட வேண்டும். ஆரம்பத்தில் பந்து நெட்டிலேயே போய் விழும், இல்லாவிட்டால் பேட்டிலேயே படாது. பரவாயில்லை, மெலிதாக உரச முயல்பவருக்குத்தான் பந்து தவறும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மே மாதத்தில் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சீட்டாடுபவர்கள் அடிக்க வருவார்கள்.

சர்வீஸ் பழகும்போதே விதிப்படி பழகிவிடுங்கள். பந்து விரிந்த உள்ளங்கையில் இருக்க வேண்டும், குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே போக வேண்டும், இறங்கும்போதுதான் தொட வேண்டும். மன்றங்களில் பலர் விரலில் பிடித்தபடி கையிலிருந்தே அடித்துவிடுவார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். அம்பயர் இருக்கும் ஆட்டத்தில் அது செல்லாது.

இதையெல்லாம் சொன்ன சார், செல்லுலாய்டு பந்து காலத்து ஆள். பந்து 38 மில்லிமீட்டராக இருந்தபோது ஆடியவர். 2000-ல் அதை 40 ஆக்கினார்கள், 2014-ல் பிளாஸ்டிக் பந்து வந்தது. "ரெண்டு தடவையும் எங்க ஸ்பின்னைத்தான் குறைச்சாங்க" என்று சொந்தக் காணி பறிபோனது போல் வருத்தப்படுவார். செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருக்கும், உடைந்த பந்தை முகர்ந்து பார்த்தால் வாசனை வரும். அவர் மேஜை டிராயரில் அப்படி ஒரு பந்து கிடந்தது, என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

சரி, தனியாகப் பழகியது ஆட்டத்தில் எடுபடுமா? ஓசூரில் ஒரு குடியிருப்பில் பொங்கலுக்குப் போட்டி வைத்தார்கள். ஆண், பெண் என்று பிரிக்காத போட்டி. எனக்கு எதிரே வந்தது கல்லூரிப் பையன், பெங்களூரில் முறையாகக் கோச்சிங் போகிறவன், பேட்டுக்குத் தனி உறை, ஷூவுக்குத் தனிப் பை. முதல் கேமை அவன் ஊதித் தள்ளினான், மறைக்க ஒன்றுமில்லை. ரேலி என்று வந்தால் அவன் வேகத்துக்கு என் கால் நகராது. இரண்டாவது கேமில் கட் சர்வீஸையும், சுழற்சியே இல்லாத டெட் பாலையும் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தேன். கை வீச்சு இரண்டுக்கும் ஒன்றுதான். பேட்டின் நுனியில் பந்து பட்டால் நுனி வேகமாக நகர்வதால் சுழற்சி ஏறும், கைப்பிடி பக்கமாகப் பட்டால் அதே வீச்சில் பந்து சும்மா போகும். கட் என்று நினைத்து அவன் பேட்டை மல்லாத்தினால் பந்து உயரமாக எழும்பும், சும்மா என்று நினைத்துத் தட்டினால் நெட்டில் விழும். பாதி கேமில் அவன் கையை நீட்டி, "ஆன்ட்டி, பேட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றான். எதிராளியைக் குழப்பும் வழவழப்பான ரப்பரோ, நீளப் பரு வைத்த ரப்பரோ என்று சந்தேகம். கொடுத்தேன். சிவப்புப் பக்கத்தைத் தடவினான், கறுப்புப் பக்கத்தைத் தடவினான். இரண்டுமே சாதாரண ரப்பர், ஓரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டியது. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். அந்த கேம் எனக்கு. மேட்ச் அவனுக்கு, 3–1. தோற்றதைச் சொல்லாமல் விட்டால் யாராவது வந்து கேட்பீர்கள் என்றுதான் ஸ்கோரையும் எழுதுகிறேன். பேட்டை அவன் தடவிப் பார்த்த அந்த அரை நிமிடம் எனக்குக் கோப்பைக்குச் சமம்.

(போட்டி முடிந்து ஓசூரில் பஸ் ஏறினால், கண்டக்டர் "கிருஷ்ணகிரி பைபாஸ்லதான் இறக்குவேன், ஸ்டாண்டுக்குப் போகாது" என்கிறார். டிக்கெட் மட்டும் முழுசாக. ராத்திரி நேரத்தில் ஒரு பெண்ணை ஹைவேயில் இறக்கிவிட்டுப் போவதில் என்ன நேர மிச்சமோ. ஆட்டோக்காரர் கேட்ட காசு பஸ் டிக்கெட்டைவிட அதிகம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது எழுதி வைக்கலாம் என்றுதான்.)

தனியாகப் பழகவே முடியாதது ஒன்று உண்டு. எதிராளியின் ஸ்பின்னைப் படிப்பது. இதற்குத்தான் அந்த ஒரு ஆள். அவர் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டாம், பொறுமையாகக் கட் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காமல், பந்தைத் தொடும் கணத்தில் அவர் பேட் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தொட்ட பிறகு அவர் கையை ஆட்டுவதெல்லாம் நாடகம். பேட் கீழே இறங்கினால் கட், உங்கள் பேட்டைக் கொஞ்சம் மல்லாத்துங்கள். மேலே ஏறினால் டாப் ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கிச் சுழன்று வரும், பேட்டைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பந்து டேபிளைத் தாண்டிப் பறக்கும். பக்கவாட்டில் போனால், அவர் பேட் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டதோ அந்தப் பக்கத்துக்குக் குறிவையுங்கள், பந்து தானாக நடுவுக்கு வந்துவிடும். பந்து மெதுவாக வரும்போது அதில் அச்சிட்ட கம்பெனிப் பெயர் தெளிவாகத் தெரிந்தால் ஸ்பின் இல்லை என்று அர்த்தம். தர்மபுரியில் ஆள் கிடைக்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலம் தாண்டி இந்தப் பக்கம் வாருங்கள், நான் கட் செய்து போடுகிறேன்.

அந்தக் கட் பந்துக்கு டாப் ஸ்பின் அடிப்பதுதான் எல்லாருக்கும் ஆசை. முழங்கால் மடங்கட்டும், பேட் முழங்கால் உயரத்துக்கு இறங்கட்டும், அங்கிருந்து நெற்றி வரை மேல்நோக்கி உரசுங்கள். முன்னோக்கி அடித்தால் நெட்தான். இதில் நான் இன்னும் சுமார்தான், அதனால் அதிகம் பேசவில்லை.

28 வயது தாமதமா என்ற கவலை கேள்வியிலேயே தெரிகிறது. நம் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் 2006-ல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கினார், மறுபடி 2022-ல் பர்மிங்காமில் வாங்கியபோது வயது 40. உடனே "அவரும் நாமும் ஒன்றா, அவர் சின்ன வயதிலிருந்து ஆடுபவர்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாற்பதிலும் கையும் மணிக்கட்டும் கேட்கும் என்பதற்குத்தான் சொன்னேன். கால் வேறு கதை.

பேட் பற்றி: வேகமான பேட் வாங்காதீர்கள். விதிப்படி ரப்பரும் அதன் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், அதற்காக அவ்வளவு தடிமன் வேண்டும் என்பதில்லை. ரப்பர் ஒட்டும் மரக்கட்டை ஆல்ரவுண்ட் என்று சொல்லும் மிதமான வகை, 1.5-லிருந்து 1.8 மில்லிமீட்டருக்குள் ஸ்பாஞ்ச், அது போதும். ஸ்பாஞ்ச் தடித்தால் பந்து எகிறும், உரசப் பழகாத கைக்கு எகிறும் பந்து அடங்காது. கடையில் பந்தை ரப்பர் மேல் வைத்து லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் வேண்டாம், பிடித்துக்கொண்டால் வாங்கலாம். நம் பக்கத்துக் கிரானைட் புழுதிக்கு ரப்பர் சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும். ஆடி முடித்ததும் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்து, காயவிட்டு உறையில் போடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ரப்பர் ஓரம் பிரிந்து வந்துவிடும்.