‘லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி’ நாவலும் தொடரும் இவ்வளவு புகழுக்குத் தகுதியானவையா?

பாதி புகழுக்குத்தான் என்பேன். போனி கார்மஸின் இந்த முதல் நாவல் 2022இல் வந்தது. கலிஃபோர்னியாவில், திருமணம் ஆகாமலே கர்ப்பமான வேதியியலாளர் எலிசபெத் ஜாட் ஆய்வகத்திலிருந்து விரட்டப்படுகிறார். பிறகு 1960களின் தொடக்கத்தில் டிவி சமையல் நிகழ்ச்சியால் பிரபலமாகிறார். கதைக்கரு அருமை, வேகமாகவும் படிக்கலாம்.

சிக்கல் எலிசபெத்தின் வார்ப்பில் இருக்கிறது. அவர் எப்போதும் சரி. கடவுள், திருமணம், வேலை என எதிலும் இன்றைய வாசகரின் கருத்தையே பேசுகிறார். உள்ளுக்குள் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. அவரை எதிர்க்கும் ஆண்களில் பலர் அப்பட்டமான வில்லன்கள். ஆனால் அன்றைய பாகுபாடு மரியாதையான, அன்பான மனிதர்கள் வழியாகவும்தானே நடந்தது? அந்தக் கடினமான பக்கத்தை நாவல் அதிகம் தொடவில்லை. பாலியல் வன்கொடுமை வரும் கதையில், மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளும் நாயின் குறும்பும் சேரும்போது தொனி குழம்புகிறது.

2023இல் ஆப்பிள் டிவி பிளஸில் வந்த 8 பகுதித் தொடர் இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. எலிசபெத்தாக பிரீ லார்சன் அடக்கமாக நடிக்கிறார். நாவலில் எலிசபெத்தின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரராக வரும் ஹாரியட், இங்கே நெடுஞ்சாலைத் திட்டத்திலிருந்து தன் குடியிருப்பைக் காக்கப் போராடும் கறுப்பினப் பெண். ஹாரியட்டாக வரும் அஜா நவோமி கிங்கின் நடிப்பு மனதில் நிற்கிறது. ஆனால் அந்தப் போராட்டத்துக்குத் தனித் தொடரே தேவை. இங்கே அது கிளைக்கதையாகச் சுருங்கிவிட்டது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், தொடரையே பாருங்கள்.