சோழியும் செயற்கைக்கோளும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாமி, அறிவியல், அரசியல் மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருநள்ளாறு கோவிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுத்தான் போகின்றன, நாசாவே அசந்துபோனது என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வருஷா வருஷம் வருகிறது. உண்மையா சார்?
- வாசகர், கும்பகோணம்

உண்மையில்லை. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் காப்பாற்றுகிறது, நின்றால் விழுந்துவிடும். நீங்கள் சொல்லும் மூன்று விநாடிக்குள் அது திருநள்ளாற்றை விட்டுக் காரைக்கால் கரையையும் தாண்டிக் கடலுக்குள் போயிருக்கும்.

எனக்கு இதில் மனசு கேட்காத விஷயம் வேறு. வீட்டில் ஏதோ கஷ்டம் என்று ராத்திரி பஸ் பிடித்து வந்து, நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு விளக்கு ஏற்றுகிற ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து சான்றிதழ் எதற்கு? அவருடைய பாட்டி எந்தச் சான்றிதழும் கேட்காமல்தான் கும்பிட்டார். நம்பிக்கைக்கு நாசாவின் முத்திரையைக் குத்தினால் அது பலமாகிவிடும் என்று நினைக்கிறார்கள், ஆனால் அந்த முத்திரை போலி என்று ஒரு பள்ளிப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் பாட்டியின் நம்பிக்கையும் சேர்ந்தல்லவா பொய்யாகிப் போகிறது.

பெருமைப்பட உண்மையாகவே ஒன்று இருக்கிறது. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஒரு ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை. 'ஏழரைச் சனி' என்ற சொல்லுக்குள் தொலைநோக்கி இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் கணக்கு வைத்தவர்களின் உழைப்பு இருக்கிறது. குடும்பக் குழுவில் அதைப் போடுங்கள்.

2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்றார்கள். திருநள்ளாற்றில் கேட்டால் இல்லை, 2026 மார்ச் 6 தான் என்றார்கள். ஒரு கிரகம் எப்படி இரண்டு தேதியில் இடம் மாறும்?
- வாசகி, மயிலாடுதுறை

கிரகம் அதன் போக்கில்தான் போகிறது. கணக்குத்தான் இரண்டு. முதல் தேதி திருக்கணிதப்படி, இரண்டாவது வாக்கியப்படி. திருநள்ளாறு கோவில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது.

வாக்கியம் என்றால் நிஜமாகவே வாக்கியம்தான். எண்களை எழுத்துகளாக்கிச் சின்னச் சின்னத் தொடர்களாகக் கோத்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள், சந்திரனுக்கு மட்டும் இப்படி 248 வாக்கியங்கள். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்து எழுதி வைத்த குறிப்பைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த தொடர்களைச் சொல்லிச் சொல்லி, சோழிகளை நகர்த்தியே 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 41 நிமிடம்தான் பிசகு. ஆனால் அந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அதையும் வாரன் எழுதியிருக்கிறார்.

பிசகு வந்தால் என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி. கேரளத்தில் பரமேஸ்வரர் என்பவர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் 1431இல் திருத்தினார். திருக் என்றால் பார்வை, பார்த்துச் சரிசெய்த கணிதம் திருக்கணிதம். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அன்றைய வானியலை வைத்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தி வெளியிட்டார், பழைய முறைக்காரர்களின் எதிர்ப்பையும் சம்பாதித்தார். நெற்றியில் நாமத்தோடு தொலைநோக்கியில் கண்வைத்த மனிதர் அவர். நமக்கு முன்னோர் என்றால் சோழிக்காரரும் முன்னோர்தான், அவர் கணக்கைத் திருத்தியவரும் முன்னோர்தான்.

உங்கள் கேள்விக்கு நேராகச் சொன்னால், வானத்தில் சனி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திருக்கணிதத்தை நம்புங்கள். திருநள்ளாற்றுக்குப் போக வேண்டுமானால் கோவில் சொல்லும் தேதியில் போங்கள்.

சேது சமுத்திரத் திட்டம் ராமர் பாலத்தால்தான் நின்றது என்று ஒரு பக்கம், பகுத்தறிவு இல்லாததால் தமிழ்நாடு நாசமாய்ப் போனது என்று இன்னொரு பக்கம். நீங்கள் எந்தப் பக்கம்?
- வாசகர், ராமநாதபுரம்

நான் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்று பார்த்த பக்கம். அங்கே தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றால் இடது கைப் பக்கம் கடல் குளம்போலக் கிடக்கும், வலது கைப் பக்கம் அலை அடித்துக்கொண்டே இருக்கும். நேரே பார்த்தால் வெளிர் மஞ்சளாக மணல் திட்டுகள், ராமர் பாலம் என்று சொல்வது இந்தத் திட்டு வரிசையைத்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் தீடை என்பார்கள், ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணித்தான் பேசுவார்கள். 2022இல் இலங்கையில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனபோது கைக்குழந்தைகளோடு வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது இந்தத் திட்டுகளில்தான்.

இந்த இடத்தை வெட்டிக் கப்பல் விட வேண்டும் என்று 1860இலேயே டெய்லர் என்ற கடற்படை அதிகாரி யோசனை சொன்னார். 2005 ஜூலை 2இல் மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 2,400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இலங்கையைச் சுற்றிப் போகும் கப்பல்களுக்கு 30 மணி நேரம் வரை மிச்சம் என்றார்கள். அப்புறம் 2007 செப்டம்பரில் தொல்லியல் துறை, ராமாயணப் பாத்திரங்கள் இருந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நாடே கொதித்தது. சில நாட்களுக்குள் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது, இரண்டு அதிகாரிகளைத் தற்காலிகப் பணிநீக்கமும் செய்தது. ராமன் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தான் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி கேட்டார், அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. நாசா எடுத்த படத்தைக் காட்டி, மனிதன் கட்டிய பாலம், 17 லட்சம் ஆண்டுப் பழமை என்றெல்லாம் பரப்பினார்கள். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து வயதையோ யார் கட்டினார்கள் என்பதையோ சொல்ல முடியாது என்று நாசா தரப்பிலேயே மறுத்தார்கள்.

இந்தக் கூச்சலில் காணாமல் போன கேள்விகளைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புயல் அடிக்கும் கடலில், 1964இல் தனுஷ்கோடியையே விழுங்கிய கடலில், தோண்டிய மணல் திரும்ப வந்து மூடாதா? ஆண்டுதோறும் தூர்வாரும் செலவு யார் தலையில்? 12 மீட்டர் ஆழத்தில் இன்றைய பெரிய கப்பல்கள் போக முடியாதே, அப்படியானால் எந்தக் கப்பலுக்காக இந்தக் கால்வாய்? குறுகலான கால்வாயில் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு போனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறையும் சேர்ந்த கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு அங்கே கடலடியில் வளரும் புல்வெளிகளை நம்பித்தான் பிழைக்கிறது. நாட்டுப்படகுக்காரர் வலைவிடும் இடத்தில் கப்பல் போனால் அவர் எங்கே போவார்? இதையெல்லாம் மீனவர் அமைப்புகளும் சூழலியலாளர்களும் தொடக்கத்திலிருந்தே கேட்டார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ராமர் இருந்தாரா இல்லையா என்பதற்கே நேரம் போதவில்லை.

இப்போது இதைக் கேளுங்கள். ராமர் பாலத்தைத் தொடாத மாற்றுப் பாதை சரிப்படுமா என்று பார்க்க 2008இல் சூழலியல் நிபுணர் பச்சௌரி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பொருளாதாரத்துக்கும் சரி, சூழலுக்கும் சரி, அந்தப் பாதை ஒத்துவராது என்று குழு சொன்னது. மத்திய அரசு அதை ஏற்காமல், திட்டத்தைத் தொடரப் போவதாக 2013இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அறிவியலின் பெயரால் பேசிய அரசே, அறிவியல் தனக்கு வேண்டாத பதிலைச் சொன்னதும் அதை ஒதுக்கி வைத்தது. எதிர்த்தரப்பிலோ, பவளப்பாறைக்காகவும் மீனவருக்காகவும் அன்றைக்குக் குரல் உயர்த்தியவர்கள் எத்தனை பேர்? 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லி நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது, ராமர் பாலத்துக்குச் சேதம் இல்லாமல் செய்தால் சரி என்று பாஜகவும் ஆதரித்தது. ஆவுளியாவுக்குச் சேதம் வரக்கூடாது என்ற நிபந்தனையை எந்தப் பெரிய கட்சியாவது உரக்க வைத்திருந்தால் நான் அந்தப் பக்கம் நின்றிருப்பேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது.

நான் சிபிஎஸ்இ பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்கிறேன். ஒரு பெற்றோர் வந்து, தசாவதாரத்திலேயே எல்லாம் இருக்கிறது, டார்வின் எதற்கு என்று சண்டை போட்டார். என்ன சொல்வது?
- ஆசிரியை, திருப்பூர்

நீங்கள் செய்வது சரி, அம்மா. விடாமல் சொல்லிக்கொடுங்கள். 'மரபும் பரிணாமமும்' என்று இருந்த பாடம் வெறும் 'மரபு' ஆகிவிட்டது. கொரோனா காலத்தில் சுமை குறைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 2023இல் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்பது பதிலாகாது, உயிரியல் எடுக்காத பிள்ளைக்குப் பத்தாவதோடு அந்தக் கதவு மூடிவிடுகிறது. இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் டென்னசியில் 1925இல் பரிணாமம் கற்பித்த ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள், துருக்கி 2017இல் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்தே தூக்கியது.

குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லையே என்று 2018இல் ஒரு மத்திய இணை அமைச்சர் பேசினார், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. கொரோனா டெல்டாவாகி ஒமிக்ரானானது நம் கண்முன்னேதான் நடந்தது. காசநோய்க் கிருமிக்குப் பழைய மாத்திரை கேட்காமல் போவதும் அதுதான், பரிணாமம்.

அந்தப் பெற்றோரிடம் தசாவதாரத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அது பக்தியின் கதை, அங்கே அதற்கு மரியாதை இருக்கிறது. இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: தீபாராதனையில் திரை விலகும்போது கையில் மயிர் சிலிர்க்கிறதே, அது ஏன்? நம் மூதாதை உயிர்களுக்கு உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் இருந்தது. குளிரில் சூட்டைப் பிடித்துவைக்கவும் பயத்தில் உடம்பைப் பெரிதாகக் காட்டவும் ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு குட்டித் தசை இழுத்து நிமிர்த்தியது. பூனை சீறும்போது பார்த்திருப்பீர்கள். ரோமம் போய்விட்டது, தசை இருக்கிறது. சாமி முன்னால் மெய்சிலிர்க்கும்போது நாம் பல கோடி ஆண்டுப் பழைய ஒன்றைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறோம். இதைக் கேட்டுப் பக்தி குறைந்த யாரையும் நான் பார்த்ததில்லை.

மதத்தை ஒழித்தால்தானே அறிவியல் வளரும்?
- வாசகர், சென்னை

கடவுளே வேண்டாம் என்ற சோவியத் அரசில்தான் மரபியலைக் கட்சி தடை செய்தது. மரபியலை மறுத்து, கட்சியின் ஆதரவோடு கோலோச்சிய வேளாண் விஞ்ஞானி லைசென்கோவை எதிர்த்த வாவிலோவ், உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேகரித்த மனிதர், 1943இல் சிறையில் செத்தார். மறுபக்கம் லெமைத்ரே கத்தோலிக்கப் பாதிரியார், பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிப்படை போட்டவர். 1951இல் போப்பாண்டவர் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சாட்சிபோலப் பேசியபோது வருந்தியவரும் அவர்தான், இரண்டையும் கலக்க வேண்டாம் என்பதே அவர் நிலை. புனேயில் 2013இல் மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கரைச் சுட்டதும், கோவையில் 2017இல் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஒரு நாத்திகரை வெட்டியதும் கேள்வி கேட்டதற்காக. கேள்வி கேட்பவர் உயிரோடு வீடு திரும்பட்டும், நான் கேட்பது அவ்வளவுதான்.

ஐந்து மாதக் கர்ப்பிணி நான். 2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணத்தன்று மாமியார் சாயங்காலத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை, தலைசுற்றிப் படுத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, திண்டுக்கல்

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கர்ப்பிணி பட்டினி கிடப்பதும் தாகத்தோடு கிடப்பதும்தான் குழந்தைக்கு ஆபத்து, நிழலால் எந்த ஆபத்தும் இல்லை. சந்திரன்மேல் விழுவது நாம் நிற்கும் பூமியின் நிழல்தான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிப் போய், மருத்துவர் சொல்வதை நேரிலேயே கேட்க விடுங்கள். காளஹஸ்தியில் கிரகணத்தன்றும் நடை சாத்துவதில்லை என்றும் சொல்லிப் பாருங்கள். ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போட வேண்டும் என்றால் போடட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

என் பாட்டியும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்து, அது விழுந்தால்தான் கிரகணம் விட்டது என்று காத்திருந்தவர்தான். உலக்கையின் அடிப்பாகம் தட்டையாக இருந்தால் எந்த நாளிலும் நிற்கும் என்று நான் மறுநாள் நிறுத்திக் காட்டினேன். கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அதுக்காக அன்னிக்கு நிக்காம இருந்துச்சா?" என்றார். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்தன்று உங்கள் ஊர்ப் பக்கம்தான் இருந்தேன். காலை ஒன்பதரை மணி, மொட்டை மாடியில் வேப்பமரத்து இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் சிமெண்டுத் தரையில் சின்னச் சின்ன வளையல்களாகக் கிடந்தது, நூற்றுக்கணக்கில். குனிந்து கையை நீட்டினால் உள்ளங்கையிலும் இரண்டு வளையல்.

அடுத்த வளைய கிரகணம் மதுரைப் பக்கம் 2031 மே 21, நண்பகலை ஒட்டி. உங்கள் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது நிறைந்திருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்பான கிரகணக் கண்ணாடி மூன்று வாங்கி வையுங்கள், ஒன்று அத்தைக்கு.